பூட்டு திறந்திருந்ததாக எழுதினார்கள்

குன்றத்தூர்
9.6.2013

தம்பி அருள்பாண்டிக்கு அக்கா பாண்டிச்செல்வி எழுதுவது.

மூன்று மாதமாக உன் நம்பருக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. பிறகு அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. இப்போது அப்படி ஒரு எண்ணே இல்லையாம். உன்னோடு ரூமில் இருந்த சக்திகுமாரை ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் பிடித்து இந்த விலாசத்தை வாங்கினேன். அவனும் லேசில் தரவில்லை. நான் அழுததால் தந்தான்.

உன் அத்தான் வெளியே வந்துவிட்டார். வளைவில் ட்ரெய்லர் கழன்று, பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் செத்ததால் முதலில் பெரிய பிரிவில் வழக்குப் போட்டார்கள். பிறகு கவனக்குறைவு என்று மாற்றினார்கள். ஐம்பத்திரண்டு நாள் புழலில் இருந்துவிட்டு மே மூன்றாம் தேதி ஜாமீனில் வந்தார். விபத்து நடந்த அன்று கூட்டம் அடித்ததில் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டுப்போட நாளாகிவிட்டதால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறார். லைசென்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. அது திரும்பி வந்தாலும் அந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

நான் காலையில் கேன்டீன் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். பஸ் அந்த வளைவு வழியாகத்தான் போகிறது. திரும்பி வரும்போது அவர் நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கைகளை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் ஏதோ வலி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, முன்வண்டியில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் எடுக்கிறார், இறங்குகிறார், குனிந்து பார்க்கிறார், ஏறுகிறார், ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்னால் இழுத்துப் பார்க்கிறார். குனிந்து பார்க்கிற இடத்தில் நின்றுவிடுகிறார். "பூட்டு லிவர் முழுசா உள்ள போயிருந்துச்சா, எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குட்டி" என்கிறார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அந்த வண்டியில் ட்ரெய்லரைத் தாங்கும் தட்டை மாட்டியவன் நீ. உனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர். விபத்து நடந்த நான்காம் நாள், புழலுக்கு வந்து ஒரு முறை அவர் முகத்தைப் பார்க்காமல் புனேக்கு ரயிலேறினாய். அதை நான் இப்போது பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நல்லபடி பூட்டிய பூட்டு ஓட்டத்தில் தானாகத் திறக்குமா, திறக்காதா? உனக்குத் தெரிந்ததை அவருக்கு எழுது.

அக்கா
பாண்டிச்செல்வி

*

சாக்கன்
2.7.2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் ஓடி வரவில்லை. இங்கே புதிதாக ஒரு ஷெட் ஆரம்பித்திருக்கிறார்கள், ஆள் உடனே வேண்டும் என்று கம்பெனி அனுப்பியது. பழைய சிம் இங்கே எடுக்கவில்லை, அதனால் மாற்றினேன். மழை விடாமல் பெய்கிறது. அரிசிச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், சப்பாத்திக்குப் பழகிவிட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். முன்வண்டியின் முதுகில் ஒரு பெரிய இரும்புத் தட்டு இருக்கும். அதன் நடுவில் ஒரு வெட்டு. ட்ரெய்லரின் அடியில் கட்டை விரல் மாதிரி ஒரு தடித்த பின் தொங்கும், கிங் பின் என்போம். டிரைவர் முன்வண்டியைப் பின்னால் எடுத்தால் பின் அந்த வெட்டுக்குள் நுழையும், இரண்டு தாடை அதைக் கவ்வும். அதுதான் பூட்டு. அதைப் பார்ப்பது டிரைவர் வேலை. தட்டு வண்டியை விட்டுக் கழலாமல் இருப்பது ஃபிட்டர் வேலை.

சாதாரண வண்டியில் தட்டு நேராகச் சட்டத்தில் இருக்கும். குழியில் இறங்கினால் அடி அப்படியே ட்ரெய்லருக்குப் போகும். அத்தான் ஓட்டிய வண்டி துறைமுகத்திலிருந்து அதிரக் கூடாத மெஷின்களைக் கொண்டுவருவதற்கு என்றே வாங்கியது. அதனால் தட்டுக்குக் கீழே ஒரு தனிச் சட்டம், அதில் இரண்டு ரப்பர் காற்றுப்பை. வண்டியின் காற்று டேங்கிலிருந்து குழாய் போகும். பாரம் ஏற்றிய பிறகுதான் உயரம் வைக்க வேண்டும். காற்று கூடினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கும், குறைந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். வால்வின் கையை நூல் அளவு நகர்த்தி நகர்த்தி நான் அதை வைத்தேன். முதல் வண்டிக்கு ஒன்றரை நாள் ஆனது. தட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம், சிந்தவில்லை. அத்தான்தான் ஓட்டினார். இறங்கி வந்து என் முதுகில் தட்டினார்.

நான் மாட்டியதில் குறை இல்லை. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது தட்டு முன்வண்டியில் அதன் இடத்தில் இருந்தது, பூட்டுத் தாடை திறந்திருந்தது. அதைத்தான் அவர் எழுதினார். அத்தான் வேண்டும் என்றே செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவசரத்தில் யாருக்கும் நடக்கும். தாண்டவராயன் சார் போனில் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறாராம். இழுத்துக்கொண்டு போனால்தான் கஷ்டம். அத்தானிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

தம்பி
அருள்பாண்டி

*

குன்றத்தூர்
4.8.2013

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் டம்ளர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். "அவசரத்தில் யாருக்கும் நடக்கும்" என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாண்டவராயன் உன் சூப்பர்வைசர். அவருக்கும் என் வீட்டுக்காரர் வழக்குக்கும் என்ன? எங்கள் வக்கீல் அவர் வைத்த வக்கீல் இல்லையே. எங்களுக்கு இலவச சட்ட உதவியில் ஸ்ரீபெரும்புதூர் பத்மாசினி அம்மா வாதாடுகிறார்கள். அவர்கள் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்கள். படித்துவிட்டு, மாலைப் பேப்பரில் வந்த விபத்துப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துவரச் சொன்னார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ட்ரெய்லர் பள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மூக்குக்கு அடியில் அகலமாக ஒரு இரும்பு தொங்குகிறது. இரண்டு பக்கமும் கிழிந்த ரப்பர்.

நீயே எழுதியிருக்கிறாய். பூட்டு திறந்திருந்தால் தட்டு முன்வண்டியோடு போயிருக்க வேண்டும். படத்தில் தட்டு ட்ரெய்லரோடு கிடக்கிறது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வரும்போது அது எப்படி முன்வண்டிக்குப் போனது? பேப்பர் படம் தெளிவாக இல்லை, இது மட்டும் போதாது, பார்த்த ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்கிறார்கள் பத்மாசினி அம்மா. வண்டியை எடுக்க உன் கம்பெனி கிரேனோடு போன ஆட்களில் நீயும் உண்டு என்று சக்திகுமார் சொன்னான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோர்ட்டில் போன வாய்தாவுக்கு ஒரு அம்மா கடையநல்லூரிலிருந்து வந்திருந்தாள். சொர்ணம்மாள். செத்துப்போன சந்திரலேகாவின் தாயார். அவளோடு பஸ்ஸுக்கு நின்று செத்த நாச்சியாருக்கு யாரும் வரவில்லை. சொர்ணம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் யார் என்று தெரியாமல் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு தாயி" என்றாள். சம்மன். எதிரி வனமாமலை என்று படித்தேன். என் வீட்டுக்காரர் பெயரை என் வாயாலேயே படித்தேன்.

"அவனுக்குப் பிள்ளைக உண்டுமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பாண்டிச்செல்வி

*

சாக்கன்
25.8.2013

அக்கா,

பேப்பர் படத்தை வைத்துக்கொண்டு யாரோ சொல்வதைக் கேட்டு ஆடாதே. கவர்ன்மென்ட் இன்ஸ்பெக்டரைவிட உனக்கும் உன் வக்கீலுக்கும் வண்டியைப் பற்றி அதிகம் தெரியுமா? ஜனவரியில் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவனுக்கு அது என்ன என்று உனக்குத் தெரியும். இனிமேல் கம்பெனி விலாசத்துக்கு எழுதாதே. கடிதத்தைப் பிரித்துத்தான் தருகிறார்கள். ரூம் விலாசம் பின்னால் இருக்கிறது. அதற்கும் எழுதாமல் இருந்தால் நல்லது.

அருள்பாண்டி

*

குன்றத்தூர்
20.10.2013

அருள்பாண்டிக்கு,

எழுதாதே என்றாய். பின்னாலேயே விலாசமும் எழுதியிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

உன் அத்தான் இப்போது கைகளை அசைப்பதில்லை. போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நிதானமாகச் சொன்னார்: "ஏட்டி, நான் பூட்டைப் பாக்கல. இப்ப தெளிவா ஞாபகம் வந்துட்டு. இறங்கவே இல்ல. அப்படியே எடுத்துட்டேன்."

பதினாறு வருஷம் வண்டி ஓட்டியவர். இறங்கிப் பார்க்காமல் ஒரு நாளும் எடுத்தவர் இல்லை. நான் எத்தனையோ தடவை ஷெட் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சொன்னேன். கேட்கவில்லை. எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதுவே நடந்தது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அது விழுந்த பிறகு நன்றாகத் தூங்குகிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பதினேழாம் தேதி வாய்தா. கோர்ட் தாழ்வாரத்தில் சொர்ணம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவர் நேராக அவளிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். "நான்தான் ஆத்தா வனமாமலை. பூட்டைப் பாக்காம எடுத்துட்டேன். ரெண்டு பிள்ளைகளையும் கொன்னது நான்தான்" என்றார். அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எம் பிள்ளை சத்தம் போட்டாளா?" என்று கேட்டாள். தனக்குக் கேட்கவில்லை என்றார். பிறகு அவரைப் பிடித்துத் தூக்க நான் போனபோதுதான் நான் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. சம்மனைப் படித்தவள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

நவம்பர் பதினான்காம் தேதி ஜட்ஜ் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். பத்மாசினி அம்மா சொல்லியும் கேட்கவில்லை. அபராதத்தோடு முடியாது, இரண்டு உயிர், உள்ளேதான் அனுப்புவார்கள் என்கிறார்கள்.

நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம். சாட்சி சொல்ல வேண்டாம். நிரந்தரம் ஆகு, கல்யாணம் பண்ணிக்கொள். அவருக்கு மட்டும் ஒரு வரி எழுது. நீங்கள் பூட்டினீர்கள் அத்தான் என்று ஒரு வரி. உண்மையாக இருந்தால் எழுது. பொய்யாக இருந்தால் எழுதாதே. பதினான்காம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா

*

சாக்கன்
10.11.2013

அக்கா,

உன் கடிதம் பதினைந்து நாளாக என் பையில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் எடுத்துப் போகிறேன்.

அத்தான் பூட்டினார். நான் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் பன்னிரண்டு, மதியம் ஒன்றரைக்குப் போன் வந்தது. கிரேனோடு நான், தாண்டவராயன், இன்னும் இரண்டு பேர் போனோம். அத்தானைப் போலீஸ் ஏற்கெனவே கூட்டிப்போயிருந்தது. பெண்களையும் எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு டப்பா ஒன்று ரோட்டில் திறந்து கிடந்தது. நான் ட்ரெய்லருக்கு அடியில் நுழைந்தேன். தட்டு கிங் பின்னைக் கவ்வியபடி தொங்கியது. தாடை இறுக மூடியிருந்தது, லிவர் முழுக்க உள்ளே. பூட்டு திறக்கவே இல்லை அக்கா. காற்றுப்பைச் சட்டத்தை வண்டியோடு பிடித்திருந்த போல்ட்டுகள்தான் அறுந்திருந்தன. நான் போட்ட போல்ட்டுகள்.

பெட்டியில் வந்த போல்ட் எங்கள் வண்டிச் சட்டத்துக்கு நீளம் பற்றவில்லை. சரியானது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். தாண்டவராயன் வெளியிலிருந்து வாங்கி வந்தார். தலையில் பத்து புள்ளி ஒன்பது என்று இருக்க வேண்டும், எட்டு புள்ளி எட்டு என்று இருந்தது. பலம் குறைந்த ரகம். காட்டினேன். "சைஸ் ஒண்ணுதானே, மாட்டு" என்றார். சொன்ன அளவுக்கு முறுக்கினால் போல்ட் இழுபட்டு நீண்டது. நான் முறுக்கைக் குறைத்தேன். செக் ஷீட்டில் முழு அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாருங்கள், மறுபடி முறுக்க வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை ஷெட் வாசல்வரை கொண்டுவந்தார். லோடு காத்திருக்கிறது என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள்.

ட்ரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வந்து தாண்டவராயனிடம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "போல்ட்டு நீ போட்டது. கையெழுத்து உன்னுது. ரெண்டு உசுரு. டிரைவர் பூட்டலன்னா அவனுக்கு ஃபைனோட பூடும். நீ உள்ள போனா வெளிய வர மாட்ட. இன்னான்ற?"

ரோட்டை மறிக்கிறது என்று சொல்லி இரண்டு வண்டியையும் எங்கள் யார்டுக்கு எடுத்துவந்தோம். மறுநாள் காலை லிவரை இழுத்துத் தாடையைத் திறந்தது என் கை. கிழிந்த பைகளை எடுத்துவிட்டு, தட்டை முன்வண்டியில் வைத்து, நல்ல போல்ட் போட்டு, முழு அளவுக்கு முறுக்கினேன். மேலே கரியும் கிரீஸும் பூசினேன். பை கிழிந்தது ட்ரெய்லர் உரசியதால் என்று சொன்னார்கள். மதியம் இன்ஸ்பெக்டர் வந்தார். இருந்ததைத்தான் அவர் எழுதினார்.

அத்தானுக்கு அபராதம்தான் என்று உண்மையாகவே நம்பினேன். நம்ப வேண்டும் என்று நம்பினேன். அவர் கையைக் கூட்டம் உடைத்தது ரயிலில் போகும்போதுதான் தெரிந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

இன்னும் ஒன்று. அந்த ஆர்டர் ஐந்து வண்டி. ஐந்துக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் போல்ட் போட்டேன். மற்ற நான்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதை அத்தானுக்குப் படித்துக் காட்டு. பிறகு எரிக்கிறாயோ என்ன செய்கிறாயோ உன் இஷ்டம்.

அருள்பாண்டி

*

குன்றத்தூர்
1.12.2013

அருள்பாண்டிக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. பதினான்காம் தேதி அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பூட்டைப் பார்த்தாயா என்று ஜட்ஜ் கேட்டார். "பாக்கலங்க ஐயா" என்றார். இரண்டு வருஷம். அங்கிருந்தே அழைத்துப்போனார்கள். வேட்டி சட்டையோடு ஒரு துண்டு மட்டும் எடுத்துப்போனார்.

இருபத்தைந்தாம் தேதி மனுப்போட்டுப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்கவில்லை. "அத்தான் பூட்டினார்" என்பதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அழுவார் என்று நினைத்தேன். உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மத்த நாலு வண்டியும் எங்க ஓடுது? எவன் ஓட்டுதான்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பி, "நம்பரைக் கேளுட்டி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து கேன்டீனுக்குப் போகிற வழியில் எந்த ட்ரெய்லரைப் பார்த்தாலும் எழுந்து அதன் அடியைப் பார்க்கிறேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. பத்மாசினி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது என்கிறார்கள். கடிதத்தைக் கொடுத்தால் உன்னைப் பிடிப்பார்கள் என்று முதலிலேயே என்னிடம் சொன்னார்கள். யோசித்துச் சொல் என்று ஒரு நாள் அவகாசம் தந்தார்கள். எனக்கு ஒரு நாள் வேண்டியிருக்கவில்லை. நீ பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. உன்னை இடுப்பில் வைத்துத் தூக்கியவள் நான். அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

போலீஸ் வரும்வரை அங்கே இருப்பதும் அதற்கு முன் நீயே வருவதும் உன் விருப்பம். வந்தால் என் வீட்டுக்கு வராதே, நேராக வக்கீலிடம் போ. நான்கு வண்டி நம்பரையும் உடனே எழுது. கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பத்மாசினி அம்மாவின் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். இது எனக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை.

பாண்டிச்செல்வி

*

புழல்
19.1.2014

அக்கா,

கைதிகள் எழுதும் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், அதனால் தாமதமாக வரும். நான் இருப்பது விசாரணைக் கைதிகள் பக்கம். அத்தான் தண்டனைக் கைதிகள் பக்கம். நடுவில் ஒரு சுவர். பார்க்க முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே வக்கீலம்மாவுக்குப் போன் செய்து நான்கு நம்பரையும் சொன்னேன். எழுதி வைக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். அவர்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கும் வண்டிக்காரருக்கும் எழுத்தில் கொடுத்தார்கள். நான் ரயிலேறி வந்தேன். போலீஸில் ஆஜராவதற்கு முன் வண்டிகளைப் பார்த்துவிட வேண்டும் என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு வண்டி ஒரகடத்திலேயே நின்றிருந்தன. வாகன இன்ஸ்பெக்டர் முன்னால் நானே அடியில் நுழைந்து போல்ட் தலைகளைத் துடைத்துக் காட்டினேன். ஒன்றில் பாதிப் போல்ட் தளர்ந்திருந்தது. இன்னொன்றில் எட்டில் மூன்று ஏற்கெனவே அறுந்து, தலை மட்டும் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்தேன். அந்த வண்டியின் டிரைவர் கன்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் ஸ்கூல் விடுகிற நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் வழியாக லோடு கொண்டுவந்தாராம். பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வண்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள்.

நான்காவது வண்டி பாரத்தோடு ஓசூர் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் சுப்பன். போனில் பிடித்தேன். நம்பவில்லை. "நல்லாத்தான ஓடிக்கினு கீது" என்றார். எந்த வண்டி கழன்று யார் செத்தார்கள் என்று சொன்னேன். மாட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகு இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது கேட்டது. ஓரம் கட்டினார்.

அன்று மாலையே ஆஜரானேன். தாண்டவராயனையும் பிடித்திருக்கிறார்கள். அவர் எல்லாம் நான் சொந்தமாகச் செய்தது என்கிறார். போல்ட் வாங்கிய சீட்டு எதுவும் இல்லையாம். கையெழுத்து என்னுடையது மட்டும்தான் இருக்கிறது. அது எப்படிப் போகும் என்று தெரியவில்லை.

நான்கும் நின்றுவிட்டன என்று அத்தானிடம் சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

அருள்பாண்டி

*

குன்றத்தூர்
16.3.2014

அருள்பாண்டிக்கு,

நான்கும் நின்றுவிட்டன என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்து, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி வீட்டுக்கு வந்தார். இப்போது கைகளை அசைப்பதும் இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்வதும் இல்லை. ஆனால் ரோட்டுப் பக்கம் வருவதில்லை. லாரி ஹாரன் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறார். உன் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு முறை மட்டும், சாப்பிட்டுக் கைகழுவும்போது, "அவனுக்கு உள்ள குளிரும்" என்றார். போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னதால் கொடுத்தேன்.

உன்னைப் பார்க்க மனுப்போடவில்லை. போட முடிந்தால் போடுவேன். அதுவரை எழுதுவேன்.

சொர்ணம்மாளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இவர்தான் அனுப்பினார். கோர்ட் வாசலில் போன வாரம் அவளைப் பார்த்துச் சொன்னேன். போல்ட், பூட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஒரு வருஷமா உன் புருஷன் பேரைச் சொல்லித்தான் மண்ணை வாரித் தூத்தினேன்" என்றாள். "காலையில எந்திரிச்சதும் அந்தப் பேருதான். இப்ப அதெல்லாம் தப்புங்கிற. இனி யார் பேரைச் சொல்ல?"

அருள்பாண்டி என்றேன். அவள் விடவில்லை.

"முழுப் பேரும் சொல்லு. அப்பன் பேரோட சொல்லு."

பிச்சையா மகன் அருள்பாண்டி என்றேன். மறக்காமல் இருக்க இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எனக்கு அவன் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

தம்பி என்றேன்.

பாண்டிச்செல்வி